போலீஸ்காரர் கைக்கும் காவல் வேண்டும்!

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம்.

2024-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, இந்தப் பாதையில் ஒரு தனியார் பஸ் பள்ளத்தில் உருண்டது. சிலர் உயிரிழந்தார்கள். பலர் படுகாயம் அடைந்தார்கள்.

இப்படி விபத்து நடந்தால், பள்ளத்தில் இறங்குபவர்கள் யார்? அந்தப் பக்கமாக வந்த ஜனங்கள், தீயணைப்புப் படையினர், போலீஸ்காரர்கள். அலறல் கேட்கும்போது தன் கையைப் பற்றி யார் நினைப்பார்கள்? உடைந்த கண்ணாடி கிழிக்கும். சேர்வராயன் மலைச்சரிவில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியின் முள்ளும் கீறும். அந்தக் கீறல்தான் நோய்க்கு வாசல்.

அடிபட்டவரின் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருக்கலாம். ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமி இருக்கலாம். முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நோய் உள்ளவருக்கே அது தெரியாமல் இருப்பதும் உண்டு. ஹெபடைடிஸ்-பி பொல்லாத கிருமி. காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாட்கள் உயிரோடு இருக்கும்!

அதற்காக, அடிபட்டவரைத் தொடவே பயப்பட வேண்டாம். காயம் இல்லாத தோல் வழியாக இந்தக் கிருமிகள் நுழைவதில்லை. கையில் காயம் இருந்தாலும், ரப்பர் கையுறை ரத்தம் படாமல் தடுக்கும். 100 கையுறைகள் உள்ள பெட்டியின் விலை சில நூறு ரூபாய்தான். வேலை முடிந்ததும் உள்புறம் வெளியே வரும்படி கழற்றி எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஆனால், ஊசியையும் கத்தியையும் மெல்லிய ரப்பர் தடுக்காது. சந்தேகப்பட்டவரின் சட்டைப் பையில் சட்டென்று கையை விடுவது ஆபத்து. ஊசி குத்திவிட்டால், சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். 28 நாட்கள் சாப்பிட வேண்டும்.

ஹெபடைடிஸ்-பி-க்குத் தடுப்பு ஊசியே இருக்கிறது. 6 மாதத்தில் மூன்று ஊசி. குழந்தைகளுக்கு இது நாடு முழுவதும் வந்தது 2011-ல்தான். இன்று காக்கி உடுத்தியிருப்பவர்கள் எல்லோரும் அதற்கு முன்பே பிறந்தவர்கள். அவர்களுக்கு ஊசி போட்டாயிற்றா என்று அரசு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கணக்கு எடுக்க வேண்டும்.

கையுறைப் பெட்டி ஸ்டேஷன் அலமாரியில் பூட்டிக் கிடந்தால் பயன் இல்லை. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் ஒன்று, ஏற்காட்டில் ஒன்று, ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் ஒன்று, வெயில் படாத இடத்தில் இருக்க வேண்டும். தீர்ந்த அன்றே அடுத்த பெட்டி வர வேண்டும்.