பங்க் பெட்ரோலில் ஓடும் குதிரைகள்

பழைய அமெரிக்கக் கார்களின் ரசிகர்களோடு பத்து நிமிடம் பேசினால் ஒரு புலம்பல் காதில் விழாமல் போகாது. பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தார்கள், எஞ்சினின் உயிரும் போயிற்று என்பதே அது. சான்று கேட்டால் 1970ஆம் ஆண்டின் செவர்லே ஷெவெல் காரைக் காட்டுவார்கள். அதில் வந்த 454 கன அங்குல எல்.எஸ்.6 எஞ்சினின் அழுத்த விகிதம் 11.25, அறிவிக்கப்பட்ட திறன் 450 குதிரை. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்ததும் உண்மையே. ஆனால் அதிலிருந்து அவர்கள் எட்டும் முடிவு தவறு என்பது என் கட்சி. அதற்கு நான் அழைக்கும் சாட்சி, வீட்டுக் கொட்டகைகளில் கைவேலையாக உருவாகிய ஓர் எஞ்சின்: 383 ஸ்ட்ரோக்கர்.

செவர்லேயின் 350 கன அங்குல எஞ்சினில் பிஸ்டனின் வீச்சு 3.48 அங்குலம். 1970இல் வந்த 400இல் அது 3.75. அந்த 400இன் கிராங்க் தண்டை, தாங்கிகள் உட்காரும் இடத்தில் 2.65 அங்குல விட்டத்திலிருந்து 2.45க்குக் கடைந்து, 350இன் உடலுக்குள் பொருத்துகிறார்கள். தேய்ந்த சிலிண்டர்களை 0.030 அங்குலம் 'போர்' செய்தால் 383 கன அங்குலம் கிடைத்துவிடும். நம் கணக்கில் ஏறத்தாழ 6.3 லிட்டர். வெளித்தோற்றத்தில் ஒரு மாற்றமும் இராது. உள்ளேதான், ராடு போல்ட்டுகள் இடிக்காதபடி உடலின் அடிவிளிம்பில் இரும்பைச் சற்றே தேய்த்தெடுக்க வேண்டும். (இப்போது இதற்கென்றே செய்த கிராங்க் தண்டுகள் கடையில் கிடைக்கின்றன. பழைய இரும்புக் கிடங்கைத் துழாவும் இன்பம் போயிற்று.)

இதுவரை எளிது. தலைவலி எரிபொருளில் தொடங்குகிறது. வீச்சு நீளும்போது அதே எரியறைக்குள் கூடுதல் கலவை நசுக்கப்படுகிறது. பிஸ்டன் தலையைக் குழித்து ஈடுசெய்யாவிட்டால் அழுத்த விகிதம் தானாக ஏறிவிடும். எல்லை மீறினால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்பே மூலையில் எஞ்சிய கலவை தானாக வெடிக்கும். அதுவே நாக்கிங். சுத்தியலால் தட்டுவது போன்ற அந்த ஒலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டன் உடையும். ஆக்டேன் எண் அளப்பது இதை எதிர்த்து நிற்கும் தன்மையைத்தான். பெட்ரோலில் அடங்கிய ஆற்றலை அன்று. கலிபோர்னியாவின் பங்குகளில் 91, வேறு பல மாநிலங்களில் 93. அங்கே எல்லைக்கோடு அதுதான். (இந்தியாவில் எழுதப்படும் எண் வேறு முறையில் அளந்தது; இரண்டையும் ஒன்றென எண்ணிவிட வேண்டாம்.)

பந்தயப் பெட்ரோலை ஊற்றி, அழுத்த விகிதத்தை 13க்கு ஏற்றிப் பெறும் குதிரைத்திறனில் எனக்கு மரியாதை குறைவு. காசு கொடுத்தால் கிடைப்பது அது. பங்க் பெட்ரோல் என்று வரம்பு வைத்துக்கொண்டவர்தான் சிந்திக்கத் தொடங்குகிறார். அலுமினிய ஹெட் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் 10, 10.5 வரை போகலாம், வார்ப்பிரும்பானால் 9.5 அருகே நிற்பது நல்லது. பிஸ்டன் உச்சியில் நிற்கையில் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் அதற்குமான இடைவெளியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்தால், பிதுக்கப்படும் கலவை கொந்தளித்துச் சுடரை விரைவாக்குகிறது. உட்புகு வால்வைத் தாமதமாக மூடும் கேம் தண்டு, குறைந்த வேகத்தில் உண்மையான அழுத்தத்தைத் தணித்து வைக்கிறது. இவற்றை ஒன்றுக்கொன்று இசையச் சேர்த்தால் 383இலிருந்து 450 குதிரை பெறுவது இன்று அதிசயமன்று. 1970இன் அதே எண், 71 கன அங்குலம் சிறிய எஞ்சினிலிருந்து, ஈயமின்றி. எல்.எஸ்.6 அறிவித்ததைவிட அதிகமே தந்தது என்று வாதிடுவார்கள். இருக்கட்டும்.

ஈயத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். அது நாக்கிங்கை அடக்கும் என்று 1921இல் கண்டவர் தாமஸ் மிட்ஜ்லியின் குழுவினர். 1924இல் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அந்தச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டார்கள். அதே ஆண்டு செய்தியாளர்கள் முன்னால் அத்திரவத்தில் கை கழுவிக் காட்டினார் மிட்ஜ்லி. சாலைக் கார்களுக்கு அமெரிக்கா அதை முற்றாக விலக்கியது 1996இல், இந்தியா 2000இல், கடைசி நாடான அல்ஜீரியா 2021இல். அதுவரை குழந்தைகள் அதைச் சுவாசித்தார்கள். எரியறையின் வடிவத்தில் செய்திருக்க வேண்டிய வேலையை நஞ்சின் சில துளிகளிடம் விட்டுவிட்ட காலத்தைப் பொற்காலம் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த எஞ்சின் சிக்கனமானது என்று சொல்ல வரவில்லை. பெட்ரோலைக் குடிக்கத்தான் செய்கிறது. நண்பர் ஒருவர் மூன்று குளிர்காலங்கள் உழைத்துக் கட்டியதில் ஒருநாள் உடன் சென்றேன். கோடை நண்பகல், நீண்ட மேடு. மிக மெலிதாகத் தட்டும் ஒலி கேட்டது. ஓரமாக நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, தீப்பொறி நேரத்தை 36 டிகிரியிலிருந்து 34க்குக் குறைத்தார். சில குதிரைகள் போயிருக்கும். திரும்பும் வழியில், தெருமுனைப் பங்கில் 91ஐ நிரப்பிக்கொண்டோம்.