பார்த்துக்கொள்பவருக்குப் பரீட்சை எதற்கு?

"வருஷக்கணக்கில் மாமியாரைப் பார்த்துக்கொள்கிற மருமகளுக்குத் தெரியாததா? அவரிடம் போய்க் கேள்வித்தாளை நீட்டுவதா?" டிமென்ஷியா என்னும் மறதிநோயில் வரும் நடத்தை மாற்றங்கள் பற்றிக் குடும்பத்தாருக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கும் பேச்சு எழுந்தாலே இந்தப் பதில் வந்துவிடுகிறது. அதன் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அனுபவமே அறிவு." பழகப் பழக வேலை கைக்கு வரும்; ஆனால் காரணம் பிடிபடும் என்பதற்கு உறுதியில்லை. நகையை எடுத்துவிட்டாள் என்று மாமியார் பழி சொல்கிறார். அது நோய் உண்டாக்கும் சந்தேகம் என்று தெரியாத மருமகளுக்கு ஒவ்வொரு நாளும் புது அவமானம். 'வேணும்னேதான் பண்றாங்க' என்ற முடிவுக்கு வந்துவிட்டால், அடுத்தடுத்து நடப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தெரியும். அனுபவம் தவறான விளக்கத்தையும் வலுப்படுத்தும்.

"ஏற்கெனவே அளவைகள் இருக்கின்றனவே." இருக்கின்றன, அவை அளப்பது வேறு. 2009இல் வெளிவந்த அல்சைமர் நோய் அறிவு அளவையில் 30 சரி-தவறு வினாக்கள் உண்டு. நோயின் ஆபத்துக் காரணிகள், பரிசோதனை, போக்கு என ஏழு தலைப்புகளில் அவை பரவியிருப்பதால், நடத்தை பற்றியவை சிலவே. 1994இல் வந்த நியூரோசைக்கியாட்ரிக் இன்வென்டரி, எந்த அறிகுறி எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு கடுமையாக வருகிறது என்று கேட்கிறது. அது ஏன் வருகிறது என்பது கேட்கப்படுபவருக்குத் தெரியுமா என்று பார்ப்பதில்லை. டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் 25 வினா அளவை ஒரு படி மேல்: தகவல் பரிமாற்றமும் நடத்தையும் அதில் தனிப் பிரிவு, 'தெரியாது' என்றும் பதில் சொல்லலாம். இந்த வேறுபாடு முக்கியம்: தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். தவறாக நம்புகிறவரிடம் முதலில் அந்த நம்பிக்கையை அசைக்க வேண்டும். ஆயினும் அந்த அளவையின் நான்கு பிரிவுகளில் நடத்தைக்கானது ஒன்றுதான். நோய் மூளையை எப்படிச் சிதைக்கிறது என்ற கேள்விக்குச் சரியாக விடை எழுதுகிறவரே, சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து நிற்கும் அப்பாவிடம் "இதுதானே உங்க வீடு!" என்று மல்லுக்கு நிற்கலாம்.

"அதற்குத்தான் மாத்திரை இருக்கிறதே." 2005இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. 17 ஆய்வுகளை அலசியதில், புதுவகை மனநோய் மருந்துகளைச் சாப்பிட்ட டிமென்ஷியா முதியவர்களிடம் இறப்பு, சாப்பிடாதவர்களோடு ஒப்பிட 1.6 முதல் 1.7 மடங்காக இருந்தது. அந்த மருந்துகள் தேவைப்படும் நேரமும் உண்டு. ஆனால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று ஆகியவையும் ஒருவரைக் கத்த வைக்கும், அடிக்க வைக்கும். நேற்றுவரை ஒரே மாதிரி இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், 'நோய் முற்றிவிட்டது' என்று வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். நடந்ததை விவரித்தல், காரணம் தேடுதல், திட்டமிடுதல், பலனை மதிப்பிடுதல் என்று கேல்ஸ், கிட்லின், லிகெட்சோஸ் ஆகிய அமெரிக்க வல்லுநர்கள் வகுத்த முறையில், முதல் படியே பார்த்துக்கொள்பவரின் வாய்ச்சொல்தான்.

"இது அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது." நான்கில் இதற்கு மட்டும் கனம் உண்டு. மதிப்பெண்ணை வைத்து 'உனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை' என்று சொன்னால் அது கொடுமை. முழு மதிப்பெண் வாங்கியவருக்கும் ராத்திரி கண்விழிப்பு குறையாது. மாற்றுக்கு ஆள் வேண்டும். ஆனால் குறைந்த மதிப்பெண் உண்மையில் யாரைக் காட்டிக்கொடுக்கிறது? நோயின் பெயரைச் சொல்லி, மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து, வேறு எதுவும் விளக்காமல் அனுப்பிவைத்த மருத்துவ ஏற்பாட்டை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு வீடுதான் மருத்துவமனை.

ஆகவே டாக்டர்களிடம் கேட்பது இதுதான். மருந்துச் சீட்டு எழுதுமுன் கூட வந்தவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "அவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று நினைக்கிறீர்கள்? இது திடீரென்று மோசமானால் என்ன செய்வீர்கள்?" பதிலைக் குறித்து வையுங்கள். விளக்கிச் சொல்லிவிட்டு, அடுத்த முறை வரும்போது மறுபடியும் கேளுங்கள். பதில் மாறவில்லை என்றால், தோற்றவர் பார்த்துக்கொள்பவர் அல்ல, சொல்லிக்கொடுத்தவர்.