‘பாதுகாப்பு உறுதியாகவில்லை’ என்று யாரிடம் சொல்கிறோம்?

கருவுற்ற பெண்ணுக்கு எச்.ஐ.வி. முன்தடுப்பு மருந்து தரலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் பழகிப்போன ஒரு விடை வருகிறது: ‘பாதுகாப்பு இன்னும் உறுதிப்படவில்லை, பேறுகாலம் முடியட்டும்.’ அறிவியலின் அடக்கம்போல ஒலிக்கும் இவ்விடையை நான் ஏற்கவில்லை. நம் தேசியத் திட்டமே நாள்தோறும் செய்துவருவதோடு இது முரண்படுகிறது.

முன்தடுப்பு மாத்திரையில் இருப்பவை டெனோஃபோவிரும் எம்ட்ரிசிட்டபைனும். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு 2014 முதல் இந்தியாவில் வாழ்நாள் கூட்டு மருந்து வழங்கப்படுகிறது. அக்கூட்டிலும் டெனோஃபோவிர் உண்டு. உடன் வரும் லாமிவுடின், எம்ட்ரிசிட்டபைனுக்கு மிக நெருங்கிய மருந்து. கணவனுக்குத் தொற்று உண்டு, மனைவிக்கு இல்லை என்ற இணையரை எடுத்துக்கொள்வோம். கர்ப்பத்தின்போது அவளுக்கும் தொற்று வந்துவிட்டால் டெனோஃபோவிர் தாமதமின்றித் தரப்படும். கருவுக்கு ஆகாது என்று எவரும் தடுக்கமாட்டார். தொற்று வராமல் காக்கும்படி அவள் கேட்டால் மட்டும் அதே மருந்து கருவுக்கு அபாயம் ஆகிவிடுகிறது!

நோயுற்றவளுக்கு மருந்து தேவை, நலமுள்ளவளை ஏன் மருந்துக்கு உட்படுத்த வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான வினாதான். ஆனால் கர்ப்பம் அவளை இன்னும் எளிதில் தொற்றுக்கு ஆளாக்குகிறது. ஆப்பிரிக்க இணையரிடையே நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒவ்வோர் உடலுறவின்போதும் தொற்றும் வாய்ப்பு, கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஏறத்தாழ 3 மடங்கும் பேற்றுக்குப் பின் 4 மடங்கும் உயர்வதைக் காட்டியது. புதிதாகத் தொற்றிய காலத்தில்தான் இரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். குழந்தைக்குப் பரவும் வாய்ப்பும் அப்போது மிகுதி. முதல் மாதங்களில் எடுத்த பரிசோதனை ‘தொற்றில்லை’ என்று சொல்லிவிட்டால், இடையில் வந்த தொற்று கண்ணுக்குத் தப்பிவிடும். கணவன் தவறாது மருந்துண்டு, வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்கு அடங்கிவிட்டால் அவரிடமிருந்து தொற்றாது. அங்கே மாத்திரைக்கு வேலையில்லை. அந்நிலையை எட்டச் சில மாதங்கள் ஆகும். வானிலை கெட்டால் கப்பல் நின்றுவிடும் தீவுகளில் அவருடைய மருந்து இடையில் அறுபடவும் கூடும்.

அந்தமான் நிக்கோபாரைப் பற்றி எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நிக்கோபாரி மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஹெபடைட்டிஸ் பி வைரஸைச் சுமக்கிறார்கள் என்பதைப் போர்ட் பிளேரின் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்தது. ஜாரவா மக்களிடையே இவ்விகிதம் இன்னும் மிகுதி. ஹெபடைட்டிஸ் பி மிகுந்துள்ள தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவாதிருக்க, கர்ப்பத்தின் 28-ஆம் வாரம் முதல் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்த மருந்து எது? டெனோஃபோவிர்தான்.

அதே காரணத்தால் இங்கே மெய்யான எச்சரிக்கை ஒன்றும் தேவைப்படுகிறது. நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர் டெனோஃபோவிரைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி மூண்டெழலாம். எனவே மாத்திரை தொடங்கும் முன் அச்சோதனையும் சிறுநீரகச் சோதனையும் செய்தாக வேண்டும். ‘கருவுக்குக் கேடு’ என்று பொத்தாம்பொதுவாக அஞ்சுவோரின் வாயில் இந்த எச்சரிக்கை வருவதே இல்லை.

சான்று போதாது என்ற குறையின் வரலாற்றையும் பார்க்க வேண்டும். தாலிடோமைடு பேரழிவுக்குப் பின் கர்ப்பிணிகளை ஆய்வுகளிலிருந்து விலக்குவதே அறமெனக் கொள்ளப்பட்டது. கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த ‘பார்ட்னர்ஸ் பிரெப்’ ஆய்வில், கருவுற்றது தெரிந்ததும் பெண்களுக்கு மருந்து நிறுத்தப்பட்டது. விலக்கிவைத்துவிட்டுத் தரவு இல்லை என்று பின்னர் வருந்துகிறோம். 2018-இல் போட்ஸ்வானாவில் டொலுடெக்ராவிர் குறித்து எழுந்த நரம்புக்குழாய்க் குறைபாட்டு ஐயம், மேலும் பேறுகள் கணக்கில் சேரச் சேர அடங்கியது. அதற்குள் பல நாடுகளில் பெண்களுக்கு அம்மருந்து தாமதமாயிற்று. இதற்கு மாறாக, 2024-இல் முடிவு வெளியான ‘பர்ப்பஸ் 1’ ஆய்வு, கருவுற்றவர்களையும் மருந்தில் தொடர அனுமதித்தது. அதில் லெனகாபவிர் ஊசி பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை.

டெனோஃபோவிர் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. எலும்பின் கனிம அடர்த்தி சிறிது குறைவதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன; கர்ப்பத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைவதால் ஒரு வேளையும் தவறக்கூடாது. ஆயினும், முதல் மூன்று மாதங்களில் இம்மருந்துக்கு உட்பட்ட ஆயிரக்கணக்கான கர்ப்பங்களின் பன்னாட்டுப் பதிவேட்டில் பிறவிக் குறைபாடு மிகுந்ததாகத் தெரியவில்லை. இவ்விரு பக்கத்தையும் அவள் முன் வைத்து, முடிவை அவளிடம் விடுவதுதான் முறை. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், சிகிச்சை தரும் முன் விவரமறிந்த ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. மருந்தை மறுக்கும்போது அவள் கருத்தை யார் கேட்கிறார்கள்?

ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அடுத்த முன்மொழிவை எழுதப்போகும் நண்பர்களே, ‘விலக்கப்படுவோர்’ பத்தியில் பழைய கோப்பிலிருந்து ‘கர்ப்பிணிகள், பாலூட்டுவோர்’ என்று நகலெடுக்கும் முன் காரணத்தை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் அச்சொற்களை அடித்துவிடுங்கள்.