முதலில் கையைப் பாருங்கள்

தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் 1981இல், சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இன்று அங்கே சிறப்புப் பள்ளியும் உண்டு, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் உண்டு. அந்தச் சிகிச்சையில் தேர்ந்தவர்கள் ஒரு பிள்ளையிடம் அட்டையும் களிமண் உருண்டையும் கொடுத்துவிட்டு எதைக் கவனிப்பார்கள்? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சேர்கின்றனவா, மற்றக் கை அட்டையை நகராமல் பிடிக்கிறதா, அழுத்தும்போது தோள் உயர்கிறதா என்பதைத்தான். என்ன உருவம் வந்தது என்பது இரண்டாம் பட்சம்.

நம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் எல்லாம் தலைகீழ். டீச்சர் மாதிரிக்கு ஒரு மாம்பழம் செய்து காட்டுவார். வகுப்பு முழுக்க அதே மாம்பழம். கோணலாக வந்ததை நாமே நீவிச் சரிசெய்து ஆண்டுவிழாக் கண்காட்சியில் வைத்துவிடுகிறோம். பெற்றோருக்குச் சந்தோஷம்தான். ஆனால் விரல் பழகியது யாருக்கு?

அட்டையில் களிமண்ணை அப்பிச் செய்யும் படத்தில் உருட்டுவதும் திரிப்பதும் தட்டுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சீக்கிரம் வந்துவிடும். தேய்த்து இழுப்பதுதான் கஷ்டம், பலனும் அதில்தான். அதற்கு அருவிப் படம் நல்லது; தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அருவியை விளக்க வேண்டியதில்லை. கறுப்பும் பழுப்பும் கலந்து பிள்ளை முதலில் பாறையை அப்பட்டும். வெள்ளையை மெல்லிய திரிகளாக்கி, மேல்நுனியை மட்டும் பாறையில் ஒட்டி, கட்டைவிரலால் கீழே ஒரே இழுப்பு. அழுத்தம் கூடினால் பாறையின் நிறமும் சேர்ந்து வந்து தண்ணீர் கலங்கிப்போகும். குறைந்தால் திரி பிடிக்காமல் உருண்டுவிடும். தாள் கிழிய எழுதுகிற பிள்ளைக்கும், கண்ணுக்கே தெரியாமல் எழுதுகிற பிள்ளைக்கும் இதைக் கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு அழுத்தினோம் என்பது உடனே கண்ணெதிரே தெரிகிறது. "மெதுவா, மெதுவா" என்று நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. கலங்கிய அருவியும் தப்பில்லை. வெள்ளம் வந்திருக்கிறது, குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள் என்று பிள்ளையே காரணம் சொல்லிவிடும்.

எந்தக் களிமண் என்று கேட்கலாம். குளத்து மண் காயும்போது சுருங்கி அட்டையை விட்டுப் பெயர்ந்துவிடும். மைதாவும் உப்பும் பிசைந்த மாவு சாரல் மாதங்களில் பூஞ்சை பிடிக்கும். அட்டைப் படத்துக்கு எண்ணெய் கலந்த களிமண்தான் சரி. இங்கிலாந்தில் பாத் நகரத்து ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட் 1897இல் பிளாஸ்டிசின் என்ற இந்த வகைக் களிமண்ணைச் செய்ததே, மாணவர் கையில் மண் காய்ந்துபோகக் கூடாது என்பதற்காக. மணி அடித்தால் அப்படியே எடுத்து வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். குளிர்ந்த நாளில் இறுகிக் கிடக்கும். கையில் பலம் குறைந்த பிள்ளைகளுக்குப் பிசைந்து இளக்கிக் கொடுங்கள், அதோடு உங்கள் கை விலகிவிட வேண்டும். சாதாரண அட்டை எண்ணெயைக் குடித்துக் கறையாகும். பழைய கல்யாணப் பத்திரிகையின் வழவழப்பான பக்கம் போதும், காசும் இல்லை. எல்லா நிறமும் கலந்து சாணி நிறமாகிப் போனதை எறியாதீர்கள். பாறைக்கும் மரத்துக்கும் அதைவிட நல்ல நிறம் டப்பாவில் வராது.

தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பிறகு கீழ் வகுப்புகளில் கைவேலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. பிள்ளை செய்து முடித்ததும் பெயருக்கு நேரே "நன்று" என்று போடுவதில் யாருக்கும் பயனில்லை. "இடது கை அட்டையைப் பிடிக்கவில்லை", "மூன்று விரலால் கிள்ளுகிறான், சுண்டுவிரல் விறைத்து நிற்கிறது" என்று கண்டதை ஓர் ஏட்டில் எழுதுங்கள். வாரக்கணக்கில் அதே குறிப்பு திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஏட்டோடு பெற்றோரையும் வட்டார வள மையச் சிறப்பாசிரியரையும் பாருங்கள். ஆண்டுவிழா வரை காத்திருக்க வேண்டாம்.