பக்கம் எங்கே முடிய வேண்டும்?

ஒரு நேரிசை வெண்பாவின் முதல் இரண்டு அடிகள் வலப்பக்கத்தின் அடியிலும், மற்ற இரண்டு அடிகள் தாளைத் திருப்பிய பிறகும் வந்தால், மென்பொருள் எந்த விதியையும் மீறியதாகாது. பத்தி உடையும்போது இந்தப் பக்கத்தில் இரண்டு வரி, அந்தப் பக்கத்தில் இரண்டு வரி இருந்தால் போதும் என்பதே, பத்தியின் ஒற்றை வரி பக்கத்தின் தலையிலோ அடியிலோ தனித்து நிற்பதைத் தடுக்கும் மைக்ரோசாஃப்ட் வேர்டின் விடோ-ஆர்ஃபன் கட்டுப்பாடு. வலைப்பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் விதியிலும் இயல்பு மதிப்பு 2 தான். நான்கடிப் பாட்டு நடுவில் உடைந்தாலும் கணக்குச் சரி. தனிச்சொல்லோடு நிற்கும் இரண்டாம் அடியிலிருந்து மூன்றாம் அடிக்குப் போகும் ஓசை அறுந்துபோவது அந்தக் கணக்கில் வராது. எது எதோடு சேர்ந்திருக்க வேண்டும் என்பதை நாம்தான் கோப்புக்குச் சொல்ல வேண்டும்.

நம்மில் பலர் சொல்வதில்லை, தள்ளுகிறோம். தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாக நின்றால் அதற்கு மேலே நாலு என்டர் தட்டி அடுத்த பக்கத்துக்கு அனுப்புகிறோம். அச்சுக்குப் போகும் அன்றைக்குப் பக்கம் நன்றாகவே இருக்கும். இரண்டாம் பதிப்பில் எழுத்தளவு 11 புள்ளியிலிருந்து 12 ஆகும்போது அந்த வெற்று வரிகள் பக்கத்தின் நட்டநடுவில் வந்து நிற்கும். அதே கோப்பு மின்னூலானால் கைப்பேசித் திரையில் காரணமில்லாத ஓட்டைகளாகத் தெரியும். தலைப்பின் ஸ்டைலிலேயே ‘கீப் வித் நெக்ஸ்ட்’ கொடுத்திருந்தால் இந்த வேலையே இல்லை. புது இயல் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமானால் அதையும் ஸ்டைலிலேயே சொல்லிவிடலாம்.

செய்யுளில் இன்னொரு சிக்கல் உண்டு. அடிக்கு ஒரு என்டர் தட்டினால் ஒவ்வோர் அடியும் தனிப் பத்தியாகிவிடுகிறது. ஒரு வரிப் பத்திக்கு விடோவும் இல்லை, ஆர்ஃபனும் இல்லை. கட்டுப்பாடு இயங்க இடமே கிடையாது. ஷிஃப்ட்-என்டர் தட்டி நான்கு அடிகளையும் ஒரே பத்தியாக்கி, ‘கீப் லைன்ஸ் டுகெதர்’ கொடுங்கள். இருபுறமும் சமன்செய்த பத்தியில் ஷிஃப்ட்-என்டர் தட்டினால் சொற்கள் வரி முழுக்க இழுபட்டுப் போகலாம் என்பதால், செய்யுள் ஸ்டைல் இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும். குறளும் உரையும் வரும் நூலில் குறளின் ஸ்டைலுக்குக் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ கட்டாயம். உரையின் முதல் இரண்டு வரியாவது குறளுக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஆனால் விதிகளை எழுதிவிட்டு எல்லாவற்றையும் முழுத் தடையாக்குவதையும் இவ்விதழ் ஏற்கவில்லை. டொனால்ட் கனூத் உருவாக்கிய டெக் என்ற அச்சமைப்பு மென்பொருள் இந்த இடத்தில் நல்ல பாடம். அதில் பக்கம் உடையக்கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தண்டப் புள்ளி உண்டு. 10,000 என்றால் உடைக்கவே கூடாது, அதற்கு நேர் எதிர்மறை எண் என்றால் உடைத்தே ஆக வேண்டும். ஒற்றை வரி தனித்து நிற்பதற்கு இயல்பாக விதிக்கப்படும் தண்டம் 150 மட்டுமே. ஒற்றை வரி ஒரு குறைதான், ஆனால் அதைத் தவிர்க்க வேறொரு குறையை எந்த அளவுக்குத் தாங்கலாம் என்று நிறுத்துப் பார்க்க அந்த எண் இடம் கொடுக்கிறது. அதை 10,000 ஆக்கினால் ஒற்றை வரி மறையும். அதற்குப் பதிலாகப் பத்திகளுக்கிடையே இடைவெளி இழுபடும், அல்லது எதிரெதிர்ப் பக்கங்களின் அடிவரி ஏறி இறங்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் ஒரு வரி குறைத்தால் கண்ணுக்கு உறுத்தாது. ஒன்றில் மட்டும் குறைத்தால் உடனே தெரியும்.

டெக் ஒரு பத்தியை வரிகளாகப் பிரிக்கும்போது பத்தி முழுவதையும் பார்த்து முடிவெடுக்கிறது. பக்கத்தை மட்டும் ஒவ்வொன்றாகவே முடிக்கிறது, ஏனென்றால் பல பக்கங்களை ஒருசேர வைத்துப் பார்க்க அன்றைய கணினிகளில் நினைவகம் போதவில்லை. கனூத்தின் மாணவர் மைக்கேல் பிளாஸ் 1981-இல் ஸ்டான்ஃபோர்டில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு, படங்களோடு கூடிய பக்கப் பிரிப்பு சில அளவுகோல்களின்படி கணினிக்கே மிகக் கடினமான கணக்காகிவிடும் என்று காட்டியது. நூல் முழுவதையும் ஒருசேரப் பார்த்துப் பக்கம் பிரிக்கும் முறையை ஃபிராங்க் மிட்டல்பாக் 2016-இல் முன்வைத்தார். இருந்தும் நாம் அன்றாடம் புழங்கும் மென்பொருள்களில் அந்த முழுப் பார்வை இன்னும் மனிதக் கண்ணுக்கே விடப்பட்டிருக்கிறது.

ஒரு வரியை மீட்க எங்கே தேடுவது? கடைசி வரியில் ஒரே ஒரு சொல் நிற்கும் பத்தியில். தமிழில் ‘கொண்டிருக்கிறார்கள்’ போன்ற நெடுஞ்சொற்கள் அப்படி அடிக்கடி ஒதுங்கும். மேல் வரிகளில் ஒரு சொல்லைச் சரியான இடத்தில் உடைக்கவிட்டாலே வரி திரும்பிவரும். புள்ளி வைத்த மெய் வரியின் தலையில் வரக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள். எழுத்திடைவெளியை நெருக்குவது அதற்கு அடுத்த வழி. டெக்கில் ‘லூஸ்னெஸ்’ மதிப்பை −1 ஆக்கினால் அந்தப் பத்தியை ஒரு வரி குறைத்து அமைக்க அது முயலும்.

படங்களும் அட்டவணைகளும் வேறு வகைத் தொல்லை. டெக்கின் மேல் இயங்கும் லேடெக்கில் பக்கத்தின் மேற்புறம் மிதக்கும் படங்களுக்கு இயல்பாக 70 விழுக்காடு உயரம்தான் அனுமதி. 75 விழுக்காடு உயரமுள்ள படத்துக்கு ‘மேலே மட்டும்’ என்று குறித்தால் அது எங்கும் இடம் கிடைக்காமல் காத்திருக்கும். வரிசை மாறக் கூடாது என்பதால் பின்னால் வரும் படங்களும் அதோடு தேங்கி, இயல் முடிவில் மொத்தமாகக் கொட்டும். பதறிப்போய் எல்லாவற்றையும் ‘இங்கேயே’ என்று ஆணியடித்தால் அரைப் பக்கங்கள் காலியாகும். தனிப் பக்கத்துக்கும் அனுமதி கொடுங்கள். கட்டுரையாளரிடம் ‘கீழே உள்ள அட்டவணை’ என்பதை ‘அட்டவணை 3’ என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். படம் நகர உரிமை வேண்டுமானால் எழுத்தும் அதற்கு இடம் தர வேண்டும்.

பதிப்பாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. நூல் 193-ஆம் பக்கத்தில் மூன்று வரியோடு முடிந்தால், 16 பக்க ஃபாரம் பன்னிரண்டு நிறைந்து பதின்மூன்றாவது தொடங்கிவிடுகிறது. அந்த மூன்று வரியை உள்ளிழுக்க எழுத்தை நசுக்குவதைவிட எழுத்தாளரைக் கேட்டு இரண்டு வாக்கியங்களைச் சுருக்குவது நேர்மையான வழி. வடிவமைப்பாளர் அப்படிக் கேட்க முறையான வழி ஒன்று ஒவ்வொரு பதிப்பகத்திலும் வேண்டும். கையால் போடும் பக்க முறிவுகளை எழுத்துத் திருத்தமெல்லாம் முடிந்த பிறகே, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் நோக்கி வரிசையாகப் போட வேண்டும். பொருளடைவைத் தொகுப்பது அதற்கும் பிறகுதான். பொருளடைவு முடிந்த பின் உரையில் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னால், பக்கங்களை மறுபடி பார்க்க வடிவமைப்பாளருக்கு நாளும் கூலியும் தனியாகத் தர வேண்டும்.