களப்பைக் கூறிடுவோர் கவனத்திற்கு

முறைவழியாக்கி நான்கெனில் வேகம் நான்கு மடங்கு, நாற்பதெனில் நாற்பது மடங்கு என்று வாதிடுவோர் உளர். பாலாவி உப்பளத்தில் ஆளைப் பெருக்கினால் உப்பு விரைந்து விளைந்துவிடுமா? வெயிலன்றோ விளைவிப்பது! பல முறைவழியாக்கிகள் கூடிச் செய்யுங் கணிப்பிலும் பெரும்பாலும் காலத்தை விழுங்குவது கணக்கன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுமக்கப்படுந் தரவேயாகும்.

புத்தளக் களப்பையே நோக்குக. ஆழமற்ற நீர்ப்பரப்பு, கடல்வாயில் வடக்கே, மீ ஓயாவும் கலா ஓயாவும் நன்னீர் சேர்க்கின்றன. வரட்சிக் காலத்திலோ தென்பகுதியின் உவர்ப்புக் கடலையும் விஞ்சும். அவ்வுவர்ப்பின் போக்கை முன்னறிதல் மீனவருக்கும் இறால் வளர்ப்போருக்கும் வேண்டற்பாலது. அதன்பொருட்டுக் களப்பைச் சிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொன்றின் நிலையையும் அயற்கட்டங்களைக்கொண்டு படிப்படியாகக் கணிப்பர். கட்டங்களைப் பல முறைவழியாக்கிகளுக்குப் பங்கிட்டால், எல்லைக் கட்டங்களின் பெறுமானங்கள் ஒவ்வொரு காலப்படியிலும் அயற்பங்குக்குச் சென்றேயாகவேண்டும்.

வடக்குத் தெற்காக 400 கட்டங்கள், கிழக்கு மேற்காக 100, முறைவழியாக்கிகள் நான்கு எனக் கொள்வோம். நீளவாக்கிற் கீறினால் ஒவ்வோர் எல்லையிலும் 400 கட்டங்கள். குறுக்கே வெட்டினால் 100. இரு வகையிலும் பங்கு 10,000 கட்டங்களே. வேலை சமம், சுமையோ நான்கிலொன்று. இயந்திரத்திற்கு ஒரு சதமேனுஞ் செலவிடாது பெற்ற இலாபம் இது.

இன்னுமொரு வழியுண்டு. எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு வரிசைக்குப் பதிலாக நான்கு வரிசைகளை ஒருங்கே பெற்றால், நான்கு காலப்படிகளைத் தொடர்பின்றியே முடிக்கலாம். அனுப்புந் தரவின் அளவு குறையாது, தடவை குறையும். ஒவ்வோர் அனுப்புகைக்கும் உரிய தொடக்கத் தாமதமும் அதனாற் குறையும். சில கட்டங்கள் இருமுறை கணிக்கப்படுவது மெய்யே. ஒரே கணக்கை இருவர் செய்வது வீண் என முகஞ்சுளிப்போர், மலிந்த பொருளிற் சிக்கனம் பிடித்து அரிய பொருளை இறைப்பவராவர்.

இது வெறும் நுணுக்கப் பேச்சன்று. தாயப் பெருக்கத்தில் விரைவு நினைவகத்திற்கும் மெது நினைவகத்திற்கும் இடையே இவ்வளவு தரவேனும் நகர்ந்தே தீரும் என ஹொங், குங் இருவரும் 1981இல் நிறுவினர். பல முறைவழியாக்கிகளுக்கும் அத்தகைய கீழெல்லையை ஐரனி, டொலிடோ, டிஸ்கின் ஆகியோர் 2004இல் காட்டினர். அக்கீழெல்லையை ஒரு நிரல் எவ்வளவு அணுகியுள்ளது என வினவாது முறைவழியாக்கிகளை எண்ணி மகிழ்தல் பேதைமை.

நாளைய இயந்திரம் இக்குறையைத் தீர்க்கும் என்பாரும் உளர். கணிக்கும் வேகம் வளர்ந்த அளவுக்குத் தரவைக் கடத்தும் வேகம் வளரவில்லை. எனவே, நீளவாக்கிற் கீறிய களப்பு நாளைய இயந்திரத்தில் இன்னும் அதிக நேரம் காத்துக்கிடக்கும்.