கொலைமேடையில் ஒரு முத்தம்



1887ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் மூவரைக் கொன்ற பிரான்சினிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவனிடம் மனஸ்தாபத்தின் அறிகுறியே இல்லை. லிசியே நகரில் பதினான்கு வயதுத் தெரேசம்மாள் அவனுக்காக மன்றாடினார். தம் செபதவங்களை நம்பியா? அன்று, தம்மால் ஆவது ஒன்றுமில்லை என உணர்ந்து, இயேசுவின் அளவற்ற பேறுபலன்களையே பரம தந்தைக்கு ஒப்புக்கொடுத்தார், ஒரு திருப்பலிக்கும் ஏற்பாடு செய்தார். ஆகஸ்டு 31 அன்று கொலைமேடை ஏறிய பிரான்சினி, சட்டெனத் திரும்பி, குருவானவர் நீட்டிய பாடுபட்ட சுரூபத்தை மும்முறை முத்தமிட்டான் என்று தெரேசம்மாள் எழுதியுள்ளார்.

அதன்பின் நற்செயல் புரிய அவனுக்கு ஏது நேரம்? நாமோ நவநாள்களையும் நேர்ச்சைகளையும் எண்ணிக் கணக்கெழுதி, ஆண்டவர் நமக்குக் கடன்பட்டவர்போல் பேசுகிறோம். (இதை எழுதுபவனும் விலக்கல்லன்.) நற்செயல் வேண்டாமென்பதன்று, அருள் முந்துகிறது, செயல் அதன் கனியாகிறது.

கார்மேல் மடத்தில் புனிதையாய் வளர்ந்த தெரேசம்மாளும் 1895இல், தாம் வெறுங்கையராகவே இறைவன்முன் நிற்கப்போவதாக எழுதினார். பிரான்சினியை அவர் தம் முதற்குழந்தை என்றே அழைத்தார்.